வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பங்காளி ஆனார்கள்!

கரிசல் பூமியில் கலை செய்த வேலை

அது கரிசல் பூமி.

மழை பெய்தால் மண் காலைப் பிடித்துக்கொள்ளும். வெயில் அடித்தால் மண் வாயைப் பிளந்துகொள்ளும். பருத்தியும் கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் விளையும் மானாவாரிக் காடு. வானம் பார்த்த பூமி.

இந்தப் பூமியின் நடுவே இருக்கிறது கோவில்பட்டி. தீப்பெட்டிக்குப் பேர் போன ஊர். கடலை மிட்டாய்க்கும் பேர் போன ஊர்.

இந்தக் காட்டு மக்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது பலருக்குத் தெரியாது. "மக்களைக் கலையின் பக்கம் இழுப்பது எப்படி?" என்று இன்று பெரிய பெரிய காட்சிக்கூடங்களும் தொண்டு நிறுவனங்களும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கேள்விக்குக் கரிசல் பூமி எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

அந்தப் பதில் என்ன? பார்ப்போம்.

தப்புச் சத்தம் கேட்டது

1990-களின் தொடக்கம்.

ஒரு கிராமம். பொழுது சாய்ந்துவிட்டது. காட்டு வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பெண்களும் வந்துவிட்டார்கள். அடுப்பில் உலை கொதிக்கிறது.

திடீரென்று தெருவில் தப்புச் சத்தம்!

பிள்ளைகள் ஓடுகிறார்கள். அவர்கள் பின்னால் இளவட்டங்கள். அவர்கள் பின்னால், இடுப்பில் குழந்தையுடன் தாய்மார்கள். ஊரே முச்சந்திக்கு வந்துவிட்டது.

அங்கே மேடை இல்லை. திரை இல்லை. டிக்கெட் இல்லை. பத்துப் பன்னிரண்டு இளைஞர்களும் பெண்களும் வட்டமாக நிற்கிறார்கள். பாடுகிறார்கள். ஆடுகிறார்கள். பிறகு ஒரு சின்ன நாடகம்.

ஒரு பாட்டிக்கு மகனிடமிருந்து கடிதம் வருகிறது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைகிறாள். ஒருவன் வேலை இருக்கிறது என்கிறான். ஒருத்தி கண் தெரியவில்லை என்கிறாள். படித்துச் சொல்பவனோ, வீட்டு ரகசியத்தை ஊர் முழுவதும் கேட்கும்படி உரக்கப் படிக்கிறான்!

கூட்டம் சிரிக்கிறது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். அவள் வீட்டிலும் ஒரு கடிதம் அப்படித்தான் கிடக்கிறது.

நாடகம் முடிந்தது. ஆனால் வந்தவர்கள் போகவில்லை. ஊரைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டார்கள்.

படிக்க யார் வருகிறீர்கள்? சொல்லிக்கொடுக்க யார் வருகிறீர்கள்?

தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்கள் அந்த நாட்களில் கண்ட காட்சி இது. இதுதான் அறிவொளி இயக்கம்.

கவனியுங்கள். கலைக்குழு வந்தது, ஆடிப் பாடியது, அத்தோடு போய்விடவில்லை. ஊரிடம் ஒன்று கேட்டது. அந்தக் கேள்விதான் முக்கியம். கேட்ட உடனே, வேடிக்கை பார்க்க வந்தவர் பங்காளி ஆகிவிட்டார்.

கரிசல் பூமிக்கு இந்த வித்தை புதிதல்ல. கொஞ்சம் பின்னால் போவோம்.

நாகலாபுரத்து நாடகக் கவி

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் நாகலாபுரம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர் மதுரகவி பாஸ்கரதாஸ். பிறந்தது 1892-ல். மறைந்தது 1952-ல்.

அவர் நாடகப் பாட்டு எழுதியவர். அந்தக் காலத்து நாடகம் இரவில் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வள்ளி திருமணம் பார்க்க வந்தவர்களுக்கு நடுவே ஒரு பாட்டு வரும். அது முருகனைப் பற்றிய பாட்டாக இருக்காது. நாட்டு விடுதலையைப் பற்றிய பாட்டாக இருக்கும்!

பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுகளை மேடையில் முழங்கியவர்களில் ஒருவர் எஸ்.எஸ்.விசுவநாததாஸ். அவர் முருகன் வேஷத்தில் நிற்பார். போலீசார் மேடைக்கு அருகில் நிற்பார்கள். அவர் பாடுவார். பலமுறை சிறைக்குப் போனார். ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் அப்போது ஏராளம். பத்திரிகை அவர்களிடம் போய்ச் சேராது. பாட்டு போய்ச் சேர்ந்தது. மேடையில் கேட்ட பாட்டை மறுநாள் களை எடுக்கும்போது பாடலாம். ஏற்றம் இறைக்கும்போது பாடலாம். பாட்டுக்கு வரி கிடையாது, வாசல் கிடையாது.

பாடியவர் கேட்டது என்ன? "என் பாட்டு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கவில்லை. "நீயும் வா" என்று கேட்டார்.

வாசகர்கள் கட்டிய மண்டபம்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் எட்டயபுரம். மகாகவி பாரதியார் 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி பிறந்த ஊர்.

அங்கே பாரதி மணிமண்டபம் இருக்கிறது. அது எழும்பிய கதை தெரியுமா?

அரசாங்கம் கட்டியதல்ல அது. ராஜா கட்டியதும் அல்ல. எட்டயபுரத்து அன்பர்கள் பாரதி பேரால் ஒரு நூல் நிலையம் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் கல்கி அந்த ஆசையைத் தம் பத்திரிகையில் எழுதினார். வாசகர்களிடம் உதவி கேட்டார்.

கேட்டதுதான் தாமதம். ஊர் ஊராகப் பணம் வந்தது. பெரிய மனிதர்கள் கொடுத்தார்கள். சாதாரணக் குடும்பங்களும் தங்களால் ஆனதைக் கொடுத்தன. நூல் நிலையமாக இருக்க வேண்டியது, மணிமண்டபமாக வளர்ந்தது!

1945-ல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில் அவரே வந்து திறந்து வைத்தார். அப்போது அவர் மேற்கு வங்காள கவர்னர். நாடு விடுதலை அடைந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது.

பாரதியார் 1921-ல் மறைந்தபோது அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. அதே பாரதிக்கு, 26 ஆண்டு கழித்து, ஊர் பேர் தெரியாத ஆயிரம் ஆயிரம் பேர் சேர்ந்து மண்டபம் கட்டினார்கள்.

பணம் கொடுத்தவர்களில் பலர் எட்டயபுரத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அந்த மண்டபத்தில் ஒரு செங்கல் அவர்களுடையது. "நம்ம மண்டபம்" என்று சொல்ல அவர்களுக்குப் பாத்தியதை உண்டு.

இன்றும் டிசம்பர் 11-ந் தேதி எட்டயபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். முண்டாசு கட்டி, மீசை வரைந்து, கறுப்புக் கோட்டுப் போட்ட குட்டிப் பாரதிகள் வருவார்கள். பாரதி பாட்டைப் பாடுவார்கள். பார்க்கிற தாய்மாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கல்லால் கட்டிய மண்டபம் அன்றைக்கு உயிரோடு எழுந்து உட்காரும்.

கதை கேட்ட கதைசொல்லி

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி போகும் வழியில் இடைசெவல் என்ற சிறு கிராமம். 1923-ல் அங்கே இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் கி.ராஜநாராயணன். இன்னொருவர் கு.அழகிரிசாமி. இருவரும் நண்பர்கள். இருவருமே சாகித்திய அகாடமி பரிசு பெற்ற எழுத்தாளர்கள் ஆனார்கள். ஒரே ஊரில் பிறந்த இருவருக்கு அந்தப் பரிசு என்றால் சாமானியமா?

கி.ரா. அவர்களின் பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். சம்சாரியாக இருந்தவர். ஆனால் அவரைப் புதுச்சேரி பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது!

எதற்காக?

அவரிடம் ஒரு பெரிய சொத்து இருந்தது. அது பணமல்ல. நிலமல்ல. கதைகள்!

கிராமத்துப் பெரியவர்கள் மடத்திலும் மரத்தடியிலும் சொல்லும் கதைகளை அவர் தேடித் தேடிச் சேர்த்தார். நண்பர்களையும் சேர்க்கச் சொன்னார். கரிசல் காட்டு ஜனங்கள் பேசும் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டார். அதுவரை அகராதி என்றால் பண்டிதர்கள் போடுவது. அதில் ஏறாத சொற்கள், மாடு மேய்க்கிறவர் வாயிலும் களை எடுக்கிறவர் வாயிலும் இருந்தன. கி.ரா. அவற்றைக் காகிதத்தில் ஏற்றினார்.

அவர் செய்த பெரிய காரியம் என்ன தெரியுமா? கிராமத்தாரிடம் போய், "உங்களுக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்கிறேன், கேளுங்கள்" என்று சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

தனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கதை புத்தகம் ஆயிற்று.

கைநாட்டு கையெழுத்து ஆனது

இப்போது மீண்டும் அறிவொளிக்கு வருவோம்.

மத்திய அரசு 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 1990-ல் முழு எழுத்தறிவு பெற்றது. அங்கே பாட்டும் நாடகமும் பெரும் பங்கு வகித்தன. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற மக்கள் அமைப்பு இதில் முன்னோடி.

அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், இந்தியா முழுவதும் கலைப் பயணங்கள் புறப்பட்டன. நேரு பிறந்த நாளான நவம்பர் 14 வரை ஊர் ஊராகப் போயின. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இந்த வேலையில் முன் நின்றது. பிறகு மாவட்டம் மாவட்டமாக அறிவொளி இயக்கம் பரவியது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அதிசயத்தைக் கேளுங்கள். அங்கே அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். சைக்கிள் கற்க வரச் சொல்லிப் பாட்டே கட்டினார்கள்! ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். தண்ணீர்க் குடத்தைச் சைக்கிளில் வைத்துக் கொண்டு வந்தார்கள். கேலி பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் அறிவொளிக்கு உழைத்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் ச.தமிழ்ச்செல்வன். தபால் துறையில் வேலை பார்த்தவர். அவர் யார் தெரியுமா? நாகலாபுரம் மதுரகவி பாஸ்கரதாஸின் பேரன்!

தாத்தா பாட்டால் விடுதலைக்கு ஆள் சேர்த்தார். பேரன் பாட்டும் நாடகமும் துணையாக எழுத்துக்கு ஆள் சேர்த்தார். அந்த அனுபவத்தை அவர் "இருளும் ஒளியும்" என்ற நூலாக எழுதியிருக்கிறார்.

அறிவொளி வகுப்பு நடந்தது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு. பள்ளிக்கூடம் என்று தனியாக இல்லை. தெரு விளக்கின் அடி பள்ளிக்கூடம். வீட்டுத் திண்ணை பள்ளிக்கூடம். சொல்லிக்கொடுத்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பக்கத்து வீட்டில் பத்தாவது படித்த பெண்தான் ஆசிரியை. மாணவி யார்? அவளுடைய சித்தி, அத்தை, அப்பத்தா!

பகல் முழுவதும் வெயிலில் நின்ற உடம்பு. தூக்கம் கண்ணைச் சுழற்றும். அப்போது ஒரு பாட்டு எடுத்துவிடுவார்கள். கும்மி மெட்டு, ஒயில் மெட்டு, தாலாட்டு மெட்டு. ஊருக்குத் தெரிந்த மெட்டுத்தான். தூக்கம் ஓடிவிடும்.

ரேஷன் கடையிலும் பேங்கிலும் இடது கைப் பெருவிரலில் மை தடவி உருட்டிய பெண், ஒரு நாள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். எழுத்துக் கூட்டித் தன் பேரை எழுதினாள். கோணல் மாணலான எழுத்துத்தான். ஆனால் அது அவள் எழுத்து.

எழுத்து ஏன் மறந்தது?

உண்மையை மறைக்கக் கூடாது. அறிவொளிக் கதை முழுவதும் வெற்றிக் கதை அல்ல.

கலைக்குழு வந்த அன்று ஊரே திரண்டது. வகுப்பு தொடங்கிய சில மாதத்தில் பல இடங்களில் ஆள் குறைந்தது. விதைப்புக் காலம் வந்தது, போய்விட்டார்கள். களை எடுப்பு வந்தது, போய்விட்டார்கள். படித்தவர்களிலும் பலர், படிக்கப் புத்தகம் இல்லாமல், படித்த எழுத்தை மறந்துபோனார்கள். புழங்காத அரிவாள் துருப்பிடிக்கும் அல்லவா? எழுத்தும் அப்படித்தான்.

அப்போது தொண்டர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். மக்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால் அலுத்துப்போகும். அவர்களிடம் கேட்டால் முகம் மலரும்.

கதை கேட்டார்கள். பாட்டுக் கேட்டார்கள். விடுகதையும் பழமொழியும் கேட்டார்கள். அவற்றைச் சேர்த்து, பெரிய எழுத்தில், சின்னச் சின்னப் புத்தகமாக அச்சடித்தார்கள். நேற்றுப் படிக்கக் கற்றவர், தன் ஊர்க் கதையைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். கி.ரா. செய்த அதே வேலை!

2011 கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 86 பேர். நல்ல கணக்குத்தான். ஆனால் மீதிப் பேர் யார்? அவர்களில் பெண்களே அதிகம். படிக்காத பெரியவர்களுக்காக 2022-ல் தொடங்கிய புதிய எழுத்தறிவுத் திட்டம் வகுப்புகள் நடத்துகிறது. வகுப்பு இருந்தால் போதுமா? அதற்கு ஒரு பாட்டும் வேண்டும்.

காட்சிக்கூடம் தூங்கலாமா?

காட்சிக்கூடங்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

ஐரோப்பாவில் சுவீடன் என்று ஒரு நாடு. அதன் தலைநகர் ஸ்டாக்ஹோம். அங்கே ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891-ல் ஒரு திறந்தவெளிக் காட்சிக்கூடம் தொடங்கினார். அதன் பெயர் ஸ்கான்சென். நாட்டின் பல மூலைகளிலிருந்து பழைய குடியானவர் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து கட்டினார். வீட்டை மட்டும் நிறுத்தவில்லை. அந்தந்த ஊர் ஆட்டத்தையும் பாட்டையும் அங்கே கொண்டுவந்தார். பார்க்க வந்த குடியானவர், "இது எங்கள் வீடு; இது எங்கள் பாட்டு" என்றால் எவ்வளவு பெருமை!

நம் நாட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா. லாப நோக்கம் இல்லாத ஓர் அமைப்பு அதை நடத்துகிறது. 1996-ல் மக்களுக்குத் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, கேரளத்து வீடு எல்லாம் அங்கே உண்டு. இடிக்க இருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டியவை. அங்கே குயவர் சக்கரம் சுற்றுகிறது. பள்ளிப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, கையைச் சேறாக்கிக்கொண்டு, தானும் ஒரு சட்டி வனைகிறது. சட்டி கோணலாக வந்தால் என்ன? அந்தப் பிள்ளை அதை ஆயுள் முழுவதும் மறக்காது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானையைப் பார்த்த பிள்ளை மறந்துவிடும். தான் வனைந்த பானையை மறக்காது. அவ்வளவுதான் ரகசியம்.

கோவில்பட்டியில் கி.ரா. நினைவரங்கம்

கி.ரா. 2021 மே மாதம் புதுச்சேரியில் காலமானார். இடைசெவலில் அவர் உடல் அரசு மரியாதையுடன் அடக்கம் ஆயிற்று. மறு ஆண்டே தமிழ்நாடு அரசு கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் கட்டித் திறந்தது. அங்கே அவர் சிலை இருக்கிறது, நூலகம் இருக்கிறது.

கோவில்பட்டியில் நாடகமும் நின்றுபோகவில்லை. மணல்மகுடி நாடகக் குழுவை நடத்தும் ச.முருகபூபதியும் பாஸ்கரதாஸின் பேரன்தான். தமிழ்ச்செல்வனின் தம்பி. குழந்தைகளுக்கு நாடகப் பயிற்சி முகாம்கள் நடத்தியவர். மூன்றாம் தலைமுறையிலும் அந்த வித்து முளைத்துக்கொண்டே இருக்கிறது.

அரசு கட்டடம் கட்டியாயிற்று. இனி அதில் சத்தம் கேட்க வேண்டும். யார் சத்தம்?

சிலைக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் விருந்தாளிகள். விருந்தாளி வருவார், போவார். ஒரு கதையோ ஒரு பாட்டோ கொண்டுவந்து தருகிறவர் பங்காளி. பங்காளி போகமாட்டார்.

ஆகவே தாய்மார்களே, தகப்பன்மார்களே! அடுத்த லீவு நாளில் பிள்ளைகளை நினைவரங்கத்துக்கும் மணிமண்டபத்துக்கும் அழைத்துப்போங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் அப்பத்தாவையும் தாத்தாவையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். "எனக்கு அங்கே என்னப்பா வேலை?" என்பார்கள். அதைக் கேட்காதீர்கள்.

அங்கே ஓர் ஓரமாக உட்காருங்கள். "அப்பத்தா, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட கதை ஒன்று சொல்லு" என்று பேரனைக் கேட்கச் சொல்லுங்கள். அவன் நோட்டில் எழுதட்டும்.

முதலில் கிழவி வெட்கப்படுவாள். "எல்லாம் மறந்துபோச்சு" என்பாள். கொஞ்சம் பொறுங்கள். வெற்றிலையை மென்றுகொண்டு, "ஒரு ஊர்ல ஒரு சம்சாரி..." என்று தொடங்குவாள்.

கி.ரா. சிலை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்!